திறக்க மறுக்கும் உலாவி: பயர்பாக்ஸ் ஒரு வழி, குரோம் இன்னொரு வழி

உலாவி திறக்கவில்லை, அல்லது திறந்த வேகத்தில் மூடிக்கொள்கிறது என்றால் நம்மில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். அதைக் கணினியிலிருந்து நீக்கிவிட்டுப் புதிதாக இறக்கி நிறுவுவோம். சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால் அங்கேயும் பெரும்பாலும் முதலில் அதைத்தான் செய்கிறார்கள். நிறுவி முடித்து ஐகானை அழுத்தினால் பழைய கோளாறு அப்படியே இருக்கும். பழைய புக்மார்க்குகளும் அப்படியே இருக்கும். புக்மார்க்குகள் எப்படித் தப்பின என்று யோசிப்பவருக்கு, கோளாறு எப்படித் தப்பியது என்பதும் விளங்கிவிடும். நீக்கியது நிரலை மட்டும்தான். கோளாறு குடியிருந்த இடத்தை யாரும் தொடவில்லை.

அந்த இடத்துக்குப் பெயர் ப்ரொஃபைல். சேர்த்துவைத்த புக்மார்க்குகள், கடவுச்சொற்கள், பார்த்த பக்கங்களின் வரலாறு, போட்டுக்கொண்ட எக்ஸ்டென்ஷன்கள், மாற்றிக்கொண்ட அமைப்புகள் எல்லாம் ஒரு கோப்புறைக்குள் கிடக்கின்றன. விண்டோஸில் நிரல் இருப்பது ப்ரோக்ராம் ஃபைல்ஸில். ப்ரொஃபைல் இருப்பதோ பயனரின் ஆப்டேட்டாவுக்குள், வழக்கமாகக் கண்ணில் படாத இடத்தில். பயர்பாக்ஸை நீக்கும்போது இந்தக் கோப்புறை தொடப்படுவதில்லை. குரோமை நீக்கும்போது, உலாவல் தரவையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்டு ஒரு சின்னக் கட்டம் வரும். டிக் போடாவிட்டால் இங்கேயும் கோப்புறை பிழைத்துக்கொள்ளும். டிக் போட்டால் கோளாறோடு சேர்த்து எல்லாமே போய்விடும். சரியாகிவிட்டது என்று நிம்மதியாக உட்காருபவருக்கு, வங்கித் தளம் கடவுச்சொல் கேட்கும்போதுதான் என்ன போயிற்று என்பது தெரியவரும்.

பயர்பாக்ஸுக்கும் குரோமுக்கும் வரும் கோளாறுகள் ஏறக்குறைய ஒன்றேதான். கெட்டுப்போன ப்ரொஃபைல், ஒத்துவராத எக்ஸ்டென்ஷன், கிராஃபிக்ஸ் டிரைவர், ஆன்டிவைரஸின் குறுக்கீடு, நினைவகம் போதாமை. ஆனால் கோளாறு வந்த பிறகு அதைச் சரிசெய்யும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு இரண்டும் வெவ்வேறு பதில் வைத்திருக்கின்றன. குரோமை நான் வாடகை வீடாகவும் பயர்பாக்ஸைச் சொந்த வீடாகவும் பார்க்கிறேன். வாடகை வீட்டில் குழாய் ஒழுகினால் வீட்டுக்காரர் ஆள் அனுப்புவார். என்ன செய்தார்கள் என்று நமக்குத் தெரிய வேண்டியதில்லை. சொந்த வீட்டில் ஏணியும் கருவிப்பெட்டியும் நம் கையில், வேலையும் நம் தலையில். இதில் எது நல்லது என்பது, குழாய் ஒழுகும் நேரத்தில் நாம் யாராக இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

பூட்டு

ஐகானை அழுத்துகிறோம், ஒன்றுமே நடக்கவில்லை. அதிகம் காதில் விழும் புகார் இது. எளிதில் தீருவதும் இதுதான்.

ஒரே ப்ரொஃபைலை ஒரே நேரத்தில் இரண்டு உலாவிகள் திறந்து எழுதினால் கோப்புகள் நாசமாகும். அதனால் இரண்டுமே திறந்தவுடன் ப்ரொஃபைலுக்குப் பூட்டுப் போடுகின்றன. பயர்பாக்ஸ் விண்டோஸில் வைக்கும் பூட்டுக் கோப்பின் பெயர் பேரன்ட் லாக். சன்னலை மூடிவிட்டோம், ஆனால் பின்னால் ஓடும் செயல் (ப்ராசஸ்) இன்னும் முடியவில்லை என்றால் பூட்டும் திறக்காது. அப்போது மறுபடி ஐகானை அழுத்தினால், பயர்பாக்ஸ் ஏற்கெனவே ஓடுகிறது, ஆனால் பதில் தரவில்லை என்ற செய்தி வரும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து மிச்சமிருக்கும் பயர்பாக்ஸ் செயல்களை முடித்துவைத்தால் போதும். கணினியை அணைத்துத் திறந்தாலும் அதுவேதான் நடக்கிறது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. மூடச் சொன்ன பிறகு பயர்பாக்ஸ் திறந்திருக்கும் தரவுத்தளங்களை ஒழுங்காக எழுதி முடிக்க வேண்டும். ஏதாவது ஒரு பகுதி முடிக்காமல் இழுத்தடித்தால், ஏறத்தாழ 60 நொடி பொறுத்துப் பார்த்துவிட்டு, பயர்பாக்ஸ் தன்னைத்தானே வேண்டுமென்றே க்ராஷ் செய்துகொள்கிறது. முடிவே இல்லாமல் பூட்டைப் பிடித்துக்கொண்டு தொங்குவதைவிட, ஓர் அறிக்கையை எழுதிவைத்துவிட்டு விழுவது மேல் என்பது அதன் கணக்கு. 'மூடிய பிறகு க்ராஷ் ஆனதாகச் சொல்கிறதே, மூடியது எப்படி க்ராஷ் ஆகும்?' என்று குழம்புகிறவர்களுக்கு விடை இதுதான்.

குரோமின் வழக்கம் வேறு. ஐகானை அழுத்தினால் புதிய செயல், பழைய செயல் ஏதாவது ஓடுகிறதா என்று தேடும். ஓடினால், ஒரு சன்னலைத் திற என்று அதற்குச் செய்தி அனுப்பிவிட்டுத் தான் விலகிக்கொள்ளும். பழையது பதில் தராமல் தொங்கிக்கொண்டிருந்து, கண்ணுக்குத் தெரியும் சன்னல் ஏதும் அதற்கு இல்லையென்றால், குரோம் நம்மைக் கேட்காமலே அதை முடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். சன்னல் இருந்தால் மட்டும் கேட்கும். பெரும்பாலும் இது சிக்கலே இல்லாமல் நடந்துவிடுவதால் குரோமில் பூட்டு என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. அமைப்புகளில், குரோமை மூடிய பின்னும் பின்னணிச் செயலிகளை ஓடவிடு என்ற விருப்பம் இயங்கிக்கொண்டிருந்தால், மூடியது என்று நாம் நினைப்பது மூடியதே அல்ல என்பதும் தெரியாது.

லினக்ஸில் இந்த மறைவு விலகிவிடுகிறது. அங்கே குரோமின் பூட்டு சிங்கிள்டன் லாக் என்ற இணைப்புக் கோப்பு. அதற்குள் கணினியின் பெயரும் செயல் எண்ணும் எழுதப்பட்டிருக்கும். கல்லூரி ஆய்வகத்தில் மாணவரின் ஹோம் கோப்புறை சர்வரில் இருக்க, ஒரு கணினியில் க்ராஷ் ஆகி மறுநாள் வேறு கணினியில் உட்கார்ந்தால், இந்த ப்ரொஃபைலை வேறொரு கணினி பயன்படுத்துகிறது என்று சொல்லிக் குரோம் திறக்க மறுக்கும். கணினியின் பெயரை மாற்றினாலும் இதே கதைதான். அந்த ஒரு இணைப்புக் கோப்பை அழித்தால் தீர்ந்தது. ப்ரொஃபைல் முழுவதையும் அழிக்க வேண்டியதில்லை.

ஒரு டேப் விழுவதும் உலாவியே விழுவதும்

இந்த இடத்தில் குரோமுக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிட வேண்டும். 2008 செப்டம்பர் 2ஆம் தேதி அது வெளிவந்தபோது, அதன் உள்ளமைப்பை விளக்க ஸ்காட் மெக்லவுட் வரைந்த ஒரு சித்திரக் கதையையும் கூகுள் வெளியிட்டது. அதன் மையக் கருத்தே, ஒவ்வொரு டேப்பும் தனிச் செயலாக ஓடினால் ஒன்று விழும்போது மற்றவை விழாது என்பதுதான். அன்று மற்ற உலாவிகளில் ஒரே ஒரு மோசமான பக்கம், திறந்திருந்த அத்தனையையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். பயர்பாக்ஸ் அந்த நிலைக்கு வந்து சேர எட்டு ஆண்டுகள் ஆயின. எலெக்ட்ராலிசிஸ் என்ற பெயரில் நடந்த அந்த வேலை, 2016 ஆகஸ்டில் வந்த 48ஆம் பதிப்பிலிருந்துதான் படிப்படியாகப் பயனர்களுக்குக் கிடைத்தது. தாமதத்துக்குப் பெரிய காரணம் பழைய ஆட்-ஆன்கள். அவை உலாவியின் எந்த மூலைக்குள்ளும் கைவிட்டு மாற்றக்கூடியவை. செயல்களைப் பிரித்தால் அவற்றில் பல உடைந்துவிடும். சொந்த வீட்டுச் சுதந்திரத்துக்குப் பயர்பாக்ஸ் கொடுத்த விலை அது.

இன்று இரண்டிலும் டேப் மட்டும் விழலாம். அதனால் சரிசெய்யப் போகும் முன் விழுந்தது எது என்று பார்ப்பது முக்கியம். பக்கத்தின் இடத்தில் மன்னிப்புக் கேட்கும் ஒரு முகமும் மறுபடி ஏற்றும் பொத்தானும் தெரிந்தால் உலாவி நலமாக இருக்கிறது, விழுந்தது டேப். அப்போது ப்ரொஃபைலைத் தொடாதீர்கள். ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் குரோமில் அதன் சொந்த டாஸ்க் மேனேஜர் திறக்கும். பயர்பாக்ஸும் அதே விசைகளுக்குத் தன் செயல் பட்டியலைக் காட்டும். எந்தத் தளம் எவ்வளவு நினைவகத்தைப் பிடித்திருக்கிறது என்பதை அங்கே பார்க்கலாம்.

நினைவகத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதைக் கடைகளில்கூட யாரும் பார்ப்பதில்லை. ரேம் காலியாக இருக்கும்போதே நினைவகம் இல்லாமல் உலாவி விழக்கூடும். நிரல்கள் கேட்கும் இடத்துக்கெல்லாம் விண்டோஸ் முன்கூட்டியே உறுதி கொடுக்க வேண்டும். ரேமும் வட்டிலுள்ள பேஜ் கோப்பும் சேர்ந்ததுதான் அந்த உறுதியின் எல்லை. சி டிரைவ் நிரம்பியிருந்தால் பேஜ் கோப்பு வளர முடியாது. கேட்ட இடம் கிடைக்காமல் உலாவி அந்தக் கணத்திலேயே விழும். 2022இல் பயர்பாக்ஸ் பொறியாளர்கள் இதற்குச் செய்த மாற்றம் மிக எளிமையானது. இடம் கிடைக்கவில்லை என்றால் உடனே விழாமல், கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டுப் பார்ப்பது. அந்தச் சிறு இடைவெளியில் விண்டோஸ் பேஜ் கோப்பைப் பெரிதாக்கிவிட வாய்ப்புண்டு. குரோம் இதை வேறு பக்கமிருந்து அணுகியது. பார்க்காமல் விட்ட டேப்புகளை நினைவகத்திலிருந்து இறக்கிவைக்கும் ஏற்பாடு அதில் 2015 முதல் இருக்கிறது. மெமரி சேவர் என்ற பெயரில் பின்னர் அதை எல்லாரும் பார்க்கும்படி அமைப்புகளில் வைத்தார்கள். எந்த உலாவியானாலும், அடிக்கடி விழுகிறது என்றால் சி டிரைவில் எவ்வளவு இடம் மிச்சம் என்று முதலில் பாருங்கள்.

மூன்று படிகள்

பயர்பாக்ஸில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் ட்ரபிள்ஷூட் மோட். 2021 வரை அதற்கு சேஃப் மோட் என்று பெயர். ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஐகானைச் சொடுக்கினால் போதும். மேக்கில் ஆப்ஷன் விசை. உலாவியின் சன்னல் திறப்பதற்கு முன்பே ஒரு சிறு பெட்டி வந்து, இந்த முறையில் திறக்கவா, அல்லது பயர்பாக்ஸைப் புதுப்பிக்கவா என்று கேட்கும். வழக்கமாகத் திறக்கும்போது விழுகிற உலாவியையும் பல நேரம் இந்த வழியில் திறந்துவிடலாம் என்பதுதான் இதன் அருமை. தொடர்ந்து சில முறை தொடக்கத்திலேயே விழுந்தால், நாம் ஷிஃப்டை அழுத்தாமலே இந்தப் பெட்டியை அது தானாக நீட்டும்.

இந்த முறையில் எக்ஸ்டென்ஷன்கள், தீம், கிராஃபிக்ஸ் வன்பொருளின் உதவி, ஜாவாஸ்கிரிப்டை வேகப்படுத்தும் ஜிட், நாமே எழுதிச் சேர்த்த தோற்ற மாற்றங்கள் எல்லாம் தற்காலிகமாக விலக்கப்படும். இங்கே ஒழுங்காக ஓடினால் குற்றவாளி இந்த ஐந்துக்குள் இருக்கிறது. எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்தால் அகப்பட்டுவிடும். இங்கேயும் விழுந்தால் அடுத்த படி, புதிய ப்ரொஃபைல். விண்டோஸின் ரன் பெட்டியில் பயர்பாக்ஸ், ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, பி என்ற ஆங்கில எழுத்து என்று கொடுத்தால் ப்ரொஃபைல் மேலாளர் திறக்கும். புதியதில் ஓடினால் பழைய ப்ரொஃபைலில்தான் சிக்கல். புதியதிலும் விழுந்தால் சிக்கல் பயர்பாக்ஸுக்கு வெளியே. டிரைவர், ஆன்டிவைரஸ், வட்டு, ரேம் என்று தேடலாம். மூன்று படிகளில், எதையும் அழிக்காமல், எங்கே தேட வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது.

குரோமில் இப்படி ஒரு கதவு இல்லை. ஆனால் அதே மூன்று படிகளைத் துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டலாம். இன்காக்னிட்டோ சன்னலில், நாம் தனியாக அனுமதிக்காத எக்ஸ்டென்ஷன்கள் ஓடாது. அது முதல் படிக்குப் பாதி ஈடு. கெஸ்ட் முறை இரண்டாம் படிக்கு ஈடு. ஆனால் இரண்டுக்கும் உலாவி முதலில் திறக்க வேண்டும். திறக்கவே மறுத்தால், ஷார்ட்கட்டை வலது சொடுக்கி, ப்ராப்பர்ட்டீஸில் டார்கெட் வரியின் கடைசியில் கட்டளைகளைச் சேர்க்க வேண்டும். எக்ஸ்டென்ஷன்களை நிறுத்த ஒன்று, கிராஃபிக்ஸ் உதவியை நிறுத்த ஒன்று, வேறு கோப்புறையை ப்ரொஃபைலாகக் காட்ட ஒன்று. கணினியில் பழகியவருக்கு இது ஒன்றுமில்லை. இ-சேவை மையத்தில் வரிசை நிற்கும்போது விண்ணப்பம் தட்டச்சு செய்கிறவருக்கு இது சுவர்.

இந்தக் கட்டளைகளில் ஒன்றைப் பற்றி எச்சரிக்க வேண்டும். சாண்ட்பாக்ஸை நிறுத்தும் கட்டளையைச் சேர்த்தால் குரோம் திறக்கிறது என்று கேள்விப்பட்டுப் பலர் அதைப் போட்டுக்கொள்கிறார்கள். சில சமயம் உண்மையிலேயே திறக்கிறது, ஏனென்றால் ஆன்டிவைரஸும் சாண்ட்பாக்ஸும் மோதிக்கொண்டதால்தான் அது விழுந்திருக்கும். ஆனால் தீங்கான பக்கம் ஒன்று கணினிக்குள் கைநீட்டாமல் தடுக்கும் சுவரே அந்த சாண்ட்பாக்ஸ்தான். அதை எடுத்துவிட்ட ஷார்ட்கட் மேசைத்திரையிலேயே தங்கிவிடும். அதே ஷார்ட்கட்டில்தான் நாளைக்கு வங்கிக் கணக்கும் திறக்கப்படும். எது மோதுகிறது என்று தெரிந்துகொள்ள ஒருமுறை போட்டுப் பார்க்கலாம், தெரிந்தவுடன் எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் அதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆன்டிவைரஸ் மோதலுக்கு நல்ல சான்று 2019 அக்டோபரில் கிடைத்தது. குரோம் 78ஆம் பதிப்பு, பக்கங்களைக் காட்டும் செயலுக்குள் முறையாகக் கையொப்பமிடாத நிரல் துண்டுகள் நுழையக் கூடாது என்று ஒரு காவலைச் சேர்த்தது. சிமான்டெக் எண்ட்பாயின்ட் ப்ரொடெக்ஷனின் பழைய பதிப்புகள் அப்படி நுழைந்து பழகியவை. விளைவாக அவை இருந்த அலுவலகக் கணினிகளில் எந்த டேப்பும் திறக்காமல் விழுந்தது. குற்றம் யாருடையது என்று சொல்வது கடினம். காவல் போட்டது சரியான முடிவுதான். பயர்பாக்ஸ் அதே சிக்கலுக்குத் தன் பாணியில் விடை கண்டது. தனக்குள் நுழைந்திருக்கும் வெளியார் கோப்புகளின் பட்டியலைப் பயனருக்கே காட்டி, வேண்டாததை அவரே தடுக்க ஒரு பொத்தானும் கொடுத்திருக்கிறது.

புதுப்பித்தலும் மீட்டலும்

பயர்பாக்ஸில் ரெஃப்ரெஷ் கொடுத்தால் அது பழைய ப்ரொஃபைலைச் சுத்தம் செய்வதில்லை. புதிய ப்ரொஃபைல் ஒன்றை உருவாக்கி, புக்மார்க், வரலாறு, கடவுச்சொல், குக்கி போன்றவற்றை மட்டும் அங்கே கொண்டுபோகிறது. எக்ஸ்டென்ஷன்களும் மாற்றிய அமைப்புகளும் போகாது. பழைய கோப்புறை முழுவதையும் மேசைத்திரையில் பழைய பயர்பாக்ஸ் தரவு என்ற பொருள்படும் பெயரில் வைத்துவிடுகிறது. ஏதாவது விட்டுப்போயிருந்தால் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். குரோமின் ரீசெட், அமைப்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுபோய், எக்ஸ்டென்ஷன்களை நிறுத்தி, குக்கிகளை அழிக்கும். புக்மார்க், கடவுச்சொல்லைத் தொடாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது அமைப்புகள் பக்கத்துக்குள் இருக்கிறது, உலாவி திறந்தால்தான் கையில் கிடைக்கும்.

குரோம் திறக்கவே இல்லையென்றால் கையால் செய்ய வேண்டியதுதான். குரோமின் எல்லாச் செயல்களையும் முடித்துவிட்டு, யூசர் டேட்டா கோப்புறைக்குள் இருக்கும் டிஃபால்ட் என்ற கோப்புறைக்கு வேறு பெயர் வையுங்கள். அழிக்காதீர்கள். குரோமைத் திறந்தால் புதிய டிஃபால்ட் ஒன்றை அதுவே உண்டாக்கிக்கொள்ளும். அதை மூடிவிட்டு, பழையதிலிருந்து புக்மார்க்ஸ் என்ற கோப்பை நகலெடுத்துப் புதியதில் ஒட்டலாம். கடவுச்சொற்கள் லாகின் டேட்டா என்ற கோப்பில் இருக்கின்றன. அவற்றைத் திறக்கும் சாவி டிஃபால்ட்டுக்கு வெளியே, லோக்கல் ஸ்டேட் என்ற கோப்பில் இருக்கிறது. அந்தச் சாவியையும் விண்டோஸ் தன் பயனர் கணக்கோடு சேர்த்துப் பூட்டிவைத்திருக்கிறது. அதனால் அதே கணினியில் அதே பயனருக்கு இது வேலை செய்யும். மதர்போர்டு போய், வட்டை மட்டும் கழற்றி வேறு கணினியில் மாட்டி, கோப்புகளை நகலெடுத்து ஒட்டினால் கடவுச்சொற்கள் திறக்காது. கூகுள் கணக்கில் சிங்க் செய்திருந்தால் கவலையில்லை, கணக்கில் நுழைந்ததும் திரும்பிவரும். குரோமின் மீட்பு முறைகள் எல்லாமே, பயனருக்கு ஒரு கணக்கு இருக்கிறது, அதில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கையின் மேல் நிற்கின்றன.

பயர்பாக்ஸில் இரண்டே கோப்புகள். கடவுச்சொற்கள் லாகின்ஸ் ஜேசன் கோப்பில், சாவி கீ4 டிபி கோப்பில். இரண்டையும் எந்தக் கணினியில் கொண்டுபோய் எந்த பயர்பாக்ஸ் ப்ரொஃபைலில் வைத்தாலும் திறக்கும். செத்துப்போன மடிக்கணினியின் வட்டிலிருந்து இப்படிக் கடவுச்சொற்களை மீட்டுக் கொடுத்தால் வாங்குபவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். ஆனால் அதே வசதி திருடனுக்கும் உண்டு. சேமித்த கடவுச்சொற்களைப் பூட்டிவைக்கும் பிரைமரி பாஸ்வேர்டு போடாத பயர்பாக்ஸில் இந்த இரண்டு கோப்புகளும் யார் கையில் சிக்கினாலும் கடவுச்சொற்கள் அவர் கையில். இங்கே குரோமின் பிடிவாதத்துக்கு நியாயம் இருக்கிறது. பலர் வந்துபோகும் கணினியில் பயர்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் பிரைமரி பாஸ்வேர்டை அவசியம் போட வேண்டும்.

விழுந்த பிறகு கிடைக்கும் சான்று

இரண்டு உலாவிகளும் விழும்போது தங்கள் நினைவகத்தின் சிறு பகுதியை ஒரு கோப்பாக எழுதிவைக்கின்றன. இதற்கான பிரேக்பேட் என்ற கருவியைக் கூகுள் வளர்க்க, மோசில்லாவும் அதை 2008இல் பயர்பாக்ஸ் 3இல் எடுத்துக்கொண்டது. ஆக, சான்று எழுதும் விதத்தில் இரண்டும் ஒரே பள்ளி. அந்தச் சான்று யார் கண்ணுக்குத் தெரிகிறது என்பதில்தான் வேறுபாடு.

குரோமில் க்ராஷ் பக்கத்தைத் திறந்தால் தேதியும் ஓர் அடையாள எண்ணும் தெரியும். அந்த எண்ணைக் கூகுளின் பொறியாளர் பார்த்துப் புரிந்துகொள்வார். நமக்கு அது வெறும் எண். பயர்பாக்ஸில் அதே போன்ற பட்டியலில் ஓர் எண்ணைச் சொடுக்கினால், மோசில்லாவின் பொதுத் தளத்தில் அந்த க்ராஷுக்கான பக்கம் திறக்கும். நாம் பார்த்த முகவரி போன்ற அந்தரங்க விவரங்கள் பொதுவில் தெரியாது, எங்கே விழுந்தது என்பது தெரியும். மேலே சிக்னேச்சர் என்று ஒரு வரி இருக்கும். அதில் ஓஓஎம் என்ற மூன்றெழுத்து இருந்தால் நினைவகம் போதவில்லை என்று பொருள். ஷட்டவுன் ஹேங் என்றிருந்தால் நான் மேலே சொன்ன 60 நொடிக் கதை. டிஎல்எல் கோப்பின் பெயர் ஐஜிடி என்று தொடங்கினால் இன்டெல் கிராஃபிக்ஸ் டிரைவர், என்வி என்று தொடங்கினால் என்விடியா, ஏடிஐ என்று தொடங்கினால் ஏஎம்டி. நிரல் எழுதத் தெரியாத ஒருவரும் இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, நீக்கி நிறுவுவதை விட்டு டிரைவரைப் புதுப்பிக்கப் போகலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே, சிக்கலான கணினிகளில் பயர்பாக்ஸைப் போட்டுப் பார்ப்பதை நான் விரும்புகிறேன். பயர்பாக்ஸ் விழுந்து சொல்லும் காரணம், குரோம் சொல்லாமல் விழுந்த காரணமாகவும் பல நேரம் இருக்கிறது.

பழைய கணினிகளிலும் இரண்டின் போக்கும் பிரிகிறது. விண்டோஸ் 7, 8 கணினிகளுக்கு 2023 ஜனவரியில் வந்த 109ஆம் பதிப்போடு குரோம் விடைபெற்றது. பயர்பாக்ஸ் அந்த ஆண்டு ஜூலையில் வந்த 115இன் நீண்டகால ஆதரவுப் பதிப்பை அவற்றுக்காகவே வைத்துக்கொண்டு, காலக்கெடுவைப் பல முறை நீட்டிப் பாதுகாப்புத் திருத்தங்களைத் தந்தது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் முதலில் வந்தவை விண்டோஸ் 7 காலத்தவை. அவற்றை இன்னும் வைத்து ஓட்டுகிறவர்களுக்குக் குரோமின் எந்தச் சரிசெய்தலும் நிரந்தரமில்லை.

யாரும் எதையும் தொடாதபோது

மேலே சொன்ன எந்தப் படியும் உதவாத நாட்களும் உண்டு. ஒவ்வொரு உலாவிக்கும் ஒன்று சொல்கிறேன்.

2019 நவம்பரில் பல நிறுவனங்களின் ஊழியர்களுக்குக் குரோமின் டேப்புகள் வெறும் வெள்ளையாகிப் போயின. புதிய பதிப்பு ஏதும் வரவில்லை. ஆனால் குரோம் அவ்வப்போது கூகுளின் சர்வரிலிருந்து, எந்தச் சோதனை வசதியை இயக்குவது என்ற குறிப்பை இறக்கிக்கொள்ளும். வேறு சன்னலுக்குப் பின்னால் மறைந்திருக்கும் பக்கங்களை ஓய்வில் வைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஒரு வசதியை அப்படி இயக்கியிருந்தார்கள். ஒரே விண்டோஸ் சர்வரில் பலர் சேர்ந்து வேலை செய்யும் சிட்ரிக்ஸ் போன்ற ஏற்பாட்டில், ஒருவர் தன் திரையைப் பூட்டினால் மற்றவர்களின் சன்னல்களும் மறைந்துவிட்டதாகக் குரோம் எடுத்துக்கொண்டது. கூகுள் அந்த வசதியைத் தொலைவிலிருந்தே அணைத்தது. உலாவியை மூடித் திறந்தவுடன் சரியானது. வீட்டுக்காரர் கேட்காமல் உள்ளே வந்து உடைத்தார், கேட்காமலே வந்து சரியும் செய்தார். இடைப்பட்ட நேரத்தில் நிறுவனங்களின் கணினிப் பிரிவினர் பட்ட பாட்டை நினைத்தால் கோபம் நியாயமானதுதான்.

2022 ஜனவரி 13 அன்று உலகெங்கும் பயர்பாக்ஸ் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உறைந்து நின்றது. சன்னல் திறக்கும், எந்தப் பக்கமும் வராது. அன்றும் புதிய பதிப்பு ஏதுமில்லை. மோசில்லாவின் சேவைகளுக்கு முன்னால் இருந்த கூகுள் கிளவுடின் லோட் பேலன்சர், முன்னறிவிப்பில்லாமல் எச்டிடிபி 3 முறைக்கு மாறியது. பயர்பாக்ஸின் ஒரு பகுதி, அனுப்பும் தரவின் நீளத்தைச் சொல்லும் தலைப்பைச் சிறிய எழுத்துகளில் எழுதியது. எச்டிடிபி 3 பகுதியோ அதைப் பெரிய எழுத்தில் தொடங்கும் வடிவில் மட்டும் தேடியது. கிடைக்காததால் முடிவே இல்லாத ஒரு சுழற்சியில் மாட்டிக்கொண்டது. இணையத்தோடு பேசும் இழை முழுவதும் அதிலேயே சுற்றிக்கொண்டிருந்ததால் மற்ற எல்லாமே நின்றன. முதலில் அந்தப் பாதையில் போனது, பயன்பாட்டு விவரங்களை மோசில்லாவுக்கு அனுப்பும் டெலிமெட்ரி என்பதால், அதை அணைத்துவைத்திருந்தவர்கள் தப்பினார்கள். மோசில்லா சர்வர் பக்கம் எச்டிடிபி 3ஐ நிறுத்தியது, 96.0.1 பதிப்பில் பிழையைத் திருத்தியது, நடந்ததைப் பின்னர் நிரல் வரி அளவில் விளக்கியும் எழுதியது. அந்த விளக்கத்தைப் படித்துத்தான் மேலே உள்ளதை என்னால் இவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடிகிறது. குரோம் சம்பவத்திலும் பொறியாளர்கள் பிழைப் பதிவேட்டில் பொதுவில் விளக்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த இரண்டு நாட்களிலும் தங்கள் கணினியில் தவறு தேடியவர்கள் ஏராளம். புதிய ப்ரொஃபைல், மறுநிறுவல், கணினியை அணைத்துத் திறப்பது எல்லாம் வீண் வேலை. புதிய ப்ரொஃபைலிலும் விழுகிறது, பக்கத்து மேசையிலும் அதே கோலம் என்றால் எதையும் அழிக்காமல் வேறு உலாவியில் வேலையை முடித்துக்கொள்வதுதான் சரி. அந்த வேறு உலாவி உண்மையிலேயே வேறாக இருக்க வேண்டும். எட்ஜ், பிரேவ், ஓபெரா எல்லாம் குரோமியத்தின் மேல் கட்டியவை என்பதால் அடியில் உள்ள ஒரு பிழை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடக்கூடும். குரோம் வைத்திருப்பவர் பக்கத்தில் பயர்பாக்ஸையும், பயர்பாக்ஸ் வைத்திருப்பவர் பக்கத்தில் குரோமையும் நிறுவிவைத்து, வாரத்துக்கு ஒரு முறையாவது திறந்து புதுப்பித்துக்கொள்ளட்டும்.